மறுபடியும் சிறு விமானம் ஓட்ட எந்த வழி? சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் ஒப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில் சிறு விமானம் ஓட்டக் கற்றவர்கள் எனக்குத் தெரிந்து மூன்று பேர். நான் ஒருவன், ரப்பர் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இன்னொருவர் எண்பதுகளில் அமெரிக்காவுக்குப் பொறியியல் படிக்கப் போன இடத்தில் லைசென்ஸும் எடுத்து வந்தவர். எங்களுக்கு அண்ணன் முறை. மூன்றாமவர் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். என்னைவிட இரண்டு வயது இளையவர், ஈப்போவில் என்னோடு சேர்ந்தே கற்றவர். கல்யாணம், பிள்ளைகள், வீட்டுக் கடன் என்று ஆளுக்கொரு காலத்தில் மூவரும் விட்டுவிட்டோம். என் பறப்புப் பதிவேட்டின் கடைசி வரி 2001 மார்ச்சோடு நின்றுபோயிருந்தது.

சேமநிதிப் பணம் கைக்கு வந்து, பிள்ளைகளும் அவரவர் வழியில் போன பிறகு, மூவருக்கும் பழைய ஆசை திரும்பி வந்தது. ஆனால் மூவரும் ஒரே வழியில் போகவில்லை. எந்த வழியில் என்ன கிடைத்தது, எங்கே பணம் கரைந்தது, எது நிலைத்தது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இதே யோசனையில் இருப்பவர்கள் வேறு ஊர்களிலும் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

தோட்டத்துப் பிள்ளைக்கு விமான ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1948 ஜூன் 16-ஆம் நாள் எங்கள் ஊர்ப்பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் பிரகடனமானது; 1960 வரை நீடித்தது. அந்த ஆண்டுகளில் ஆஸ்டர் என்ற சிறு விமானங்கள் காட்டின் மேல் தாழப் பறந்து வேவு பார்த்தன. என் அப்பா அப்போது பையன். ரப்பர் பால்மரத்தடியில், பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே தலையைத் தூக்கிப் பார்ப்பாராம். பால் நிறைந்த காண்டாவாளி சுமந்து தழும்பேறிய தோளோடு, அந்த விமானம் எப்படிச் சாய்ந்து திரும்பும் என்று கையை விரித்து எனக்குக் காட்டுவார். 1993-இல் நான் முதன்முறையாகத் தனியே செஸ்னா 152 என்ற இரண்டு இருக்கை விமானத்தை ஈப்போ ஓடுதளத்திலிருந்து கிளப்பியபோது அவர் வேலியோரம் நின்றிருந்தார். ஆகவே இது எனக்கு வெறும் பொழுதுபோக்கு விஷயம் இல்லை.

எந்த வழியில் போவதானாலும் முதலில் தட்ட வேண்டிய கதவு ஒன்றுதான்: மருத்துவச் சான்றிதழ். ஒரு காசு முன்பணம் கட்டுவதற்கு முன் அதை முடித்துவிடுங்கள். நம் வழக்கமான கிளினிக்கில் கையெழுத்து வாங்கினால் செல்லாது. விமானிகளைச் சோதிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் நியமித்த மருத்துவரிடம்தான் போக வேண்டும். தனியார் விமானிக்கு இரண்டாம் வகுப்புச் சான்றிதழ். அனைத்துலக விதியின்படி இளம் வயதில் அது 60 மாதம் செல்லும். 40 வயதைத் தாண்டினால் 24 மாதம். 50-ஐத் தாண்டியவர்களுக்கு 12 மாதம் என்பது பரிந்துரை. நாற்பதுக்கு மேல் முதன்முறை எடுப்பவர்களுக்கு இதய மின்வரைபடமும் உண்டு.

நம்மவர்களைப் பொறுத்தவரை பெரிய கேள்வி சர்க்கரை நோய். மலேசியாவில் இந்தியர்களிடையே அது எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எந்த வீட்டு மேசையைப் பார்த்தாலும் மாத்திரைப் பெட்டி இருக்கிறது. அனைத்துலக விமான விதி இதில் தெளிவாகப் பேசுகிறது. இன்சுலின் போட்டுக்கொள்பவர் தகுதியற்றவர் என்றே மதிப்பிடப்படுவார். உணவுக் கட்டுப்பாட்டாலோ, அதோடு சேர்ந்த மாத்திரையாலோ சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் தேற வழியுண்டு. அந்த மாத்திரையும் விமானம் ஓட்டுவதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மெட்ஃபோர்மின் சாதாரணமாகச் சர்க்கரையைச் சடாரென்று தாழ்த்துவதில்லை. சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகள் தாழ்த்தக்கூடும். 3,000 அடி உயரத்தில் தலை சுற்றினால் ஓரமாக வண்டியை நிறுத்த இடமில்லை. மருந்துச் சீட்டோடு போய் மருத்துவரிடம் ஒளிக்காமல் பேசுங்கள். எங்கள் ஆசிரியர் நண்பரின் பாதையை முடிவு செய்தது இந்த ஒரு கேள்விதான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது காகித வேலை. நாங்கள் விட்டுப்போன காலத்தில் இருந்த விமானப் போக்குவரத்து இலாகாவின் வேலையை 2018 பிப்ரவரி முதல் மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையம் பார்க்கிறது. பழைய லைசென்ஸ், பதிவேடு, தேர்வுத் தாள்கள் எது இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள்; எவ்வளவு மறுபடி எழுத வேண்டும், எவ்வளவு ஓட்டிக் காட்ட வேண்டும் என்பதற்கு அவைதான் ஆதாரம். என்னைப் போல 2008-க்கு முன் விட்டவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. அந்த ஆண்டு மார்ச்சிலிருந்து வானொலியில் பேசும் விமானிகளுக்கு ஆங்கிலத் திறன் மதிப்பீடு கட்டாயமானது. நான்காம் நிலையாவது வேண்டும். நான்காம் நிலை என்றால் மூன்றாண்டுக்கு ஒரு முறை மறுபடி மதிப்பிடுவார்கள். என் பழைய லைசென்ஸில் அப்படி ஒரு வரியே இல்லை.

இனி வழிகளுக்கு வருகிறேன்.

நான் எடுத்தது ஈப்போ வழி. சுங்கை சிப்புட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரத்துக்குள் சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்துக்குப் போய்விடலாம். அங்கே பறத்தல் கழகத்தில் சேர்ந்து, பயிற்றுநரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரு பாடமாக மெல்ல மீண்டு வருவது. செலவு மணிக்கணக்கில் ஏறும். விமான வாடகையில் எரிபொருள் சேர்ந்திருக்கிறதா, பயிற்றுநர் கட்டணம் தனியா, தரையிறங்கும் கட்டணம் யார் தலையில், மணி என்பது எஞ்சின் சுழற்சிக் கணக்கா கடிகாரக் கணக்கா என்று நான்கையும் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டால் பிறகு மனஸ்தாபம் இருக்காது.

இந்த வழியின் பலவீனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இழுத்துக்கொண்டே போகும். விமானம் ஒரு வாரம் பழுதாகும், அடுத்த வாரம் பயிற்றுநருக்கு வேறு வேலை வரும், அதற்கடுத்த வாரம் மழை. கிந்தா பள்ளத்தாக்கில் பிற்பகல் என்றாலே இடிமழைக்குத் தயாராக இருக்க வேண்டும். பருவமழை மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இன்னும் மோசம். மேற்கே கிளேடாங் மலை, கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். நடுவில் மேகம் திரண்டு நின்றால் ஒதுங்கிப் போக இடம் குறைவு. அதனால் காலை எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடைப்பட்ட நேரத்தைத் தவிர வேறு நேரத்தை நான் கேட்பதேயில்லை. புகைமூட்டக் காலம் வந்தால் அதுவும் போயிற்று. பார்வை தூரம் 5 கிலோமீட்டர் இல்லாவிட்டால் கண்பார்வை விதிகளின்படி பறக்க முடியாது.

ஆனாலும் இந்த வழியில் எனக்குக் கிடைத்த ஒரு பாடத்தைச் சொல்கிறேன். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ. பயிற்றுநர் புந்தோங்கைச் சேர்ந்த தமிழ்ப் பையன். என் மூத்த மகளைவிட இளையவர். ஈப்போவுக்கு வடக்கே 2,500 அடியில் போய்க்கொண்டிருந்தோம். பையன் எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரோட்டிலை மெல்லப் பின்னால் இழுத்துவிட்டு, "எஞ்சின் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள் அங்கிள், எங்கே இறங்குவீர்கள்?" என்றார்.

கை தானாகவே வேலை செய்தது. மூக்கைத் தணித்து மணிக்கு 60 கடல் மைல் வேகத்தில் நிறுத்தினேன். கார்புரேட்டரில் பனி கட்டாமல் தடுக்கும் சூட்டுக் குமிழை இழுத்தேன். 152 நல்ல நிலையில் மிதந்தால் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் ஒன்றரைக் கடல் மைல் போகும் என்ற கணக்கும் நினைவுக்கு வந்தது. இடப்பக்கம் பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். தொண்ணூறுகளில் பழைய பால்மரங்களை வெட்டித் தள்ளிய வெட்டவெளி; நாங்கள் பந்து விளையாடிய மண். "அதோ, அந்த மறுநடவு நிலத்தில்" என்று கைகாட்டினேன். பையன் எதுவும் சொல்லவில்லை. 800 அடிக்கு வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அது நிலமாக இல்லை. முப்பது அடி உயரத்துக்கு வளர்ந்த செம்பனை, மேலிருந்து பார்த்தால் பச்சை நட்சத்திரங்கள் நெருக்கி அடுக்கியது போல, வரிசை வரிசையாக. "போதும் அங்கிள்" என்று சொல்லிவிட்டு அவர் த்ரோட்டிலை முன்னே தள்ளினார்.

அன்றைக்கு வீடு திரும்பும்போது என் மனதில் ஓடியது இதுதான். கை மறக்கவில்லை, மனதில் இருந்த வரைபடம் பழையதாகியிருந்தது. என் மூளைக்குள் இருந்தது 2001-ஆம் ஆண்டின் சுங்கை சிப்புட். எந்த ஈயலம்பத்துக் குட்டை (பழைய ஈயச் சுரங்கக் குட்டை) வற்றியிருக்கிறது, எந்தத் தோட்டத்தில் மரம் வெட்டுகிறார்கள், எங்கே புதிதாக மின்கம்பி போகிறது என்பதெல்லாம் ஓட்டுகிற ஊரின் மேலேயே மாதத்துக்கு இரண்டு முறை பறப்பவனுக்குத்தான் தெரியும். நான் உள்ளூர்க் கழகத்தின் பக்கம் சாய்வதற்கு மற்றக் காரணங்கள் அனைத்தையும்விட இது பெரிய காரணம்.

எது மறக்கிறது, எது மறக்கவில்லை என்பதும் அங்கேதான் தெரிந்தது. தரையிறங்கும்போது மூக்கைத் தூக்கிப் பிடிக்கும் அந்தக் கடைசி நொடி, நான்காவது முயற்சியில் திரும்பி வந்துவிட்டது. வானொலிதான் பத்து மணி நேரத்துக்குப் பிறகும் நாக்கில் ஒட்டவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்வதைக் காது வாங்கும். திருப்பிச் சொல்ல வாய் திறந்தால் பாதி எண்கள் காணாமல் போயிருக்கும். சரிபார்ப்புப் பட்டியலில் வரியைத் தாண்டிப் போவதும் அப்படித்தான். இடைவெளிக்குப் பிறகு கைப்பழக்கத்தைவிட நடைமுறைகளே வேகமாக மங்குகின்றன என்று பயிற்றுநர்கள் சொல்வார்கள். என் அனுபவமும் அதுவே. பழைய பயிற்றுநர்கள் சொல்லும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு: எத்தனை ஆண்டு விட்டீர்களோ அத்தனை மணி நேரம் பயிற்றுநரோடு ஓட்டுங்கள் என்று. எனக்கு 24 ஆண்டு. பதினெட்டு மணி நேரம் ஆனபோது தேர்வுக்குப் போகலாம் என்றார்கள். அந்தக் கணக்கை மனதில் வைத்துப் பணத்தை ஒதுக்குங்கள்; குறைந்தால் மிச்சம்.

ஈப்போ ஓடுதளம் சுமார் 2,000 மீட்டர். திரும்பி வருபவருக்கு இது பெரிய வரம். 152-க்கு 50 அடி தடையைத் தாண்டிக் கிளம்ப, கையேட்டுக் கணக்கில் சுமார் 400 மீட்டர் போதும். ஆனால் கையேட்டுக் கணக்கு 15 டிகிரி வெப்பநிலைக்கு எழுதியது. நம் ஊரில் வெயில் 33 டிகிரிக்குப் போனால் காற்று மெலிந்து, கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி வீதம், தரையில் நிற்கும்போதே விமானம் 2,000 அடிக்கு மேல் நிற்பதாக நினைத்துக்கொள்ளும். கையேடு நிமிடத்துக்கு 715 அடி ஏற்றம் என்கிறது. அதை நம்பி மலைப்பக்கம் திரும்பாதீர்கள். எடையும் அப்படித்தான். 152-இன் உச்ச எடை 757 கிலோ. எரிபொருளை நிரப்பிவிட்டால் இரண்டு பேருக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 170 கிலோ. இருபத்தெட்டு வயதில் இந்தக் கணக்கை நான் போட்டதே இல்லை. இப்போது ஒவ்வொரு முறையும் போடுகிறேன்.

இரண்டு விஷயங்களை எங்கள் நாட்டு வானில் யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரிய விமானம் ஒன்று இறங்கிய பின் அதன் இறக்கை விட்டுச் செல்லும் சுழல்காற்றில் 152 காகிதம் போலப் புரளும். இரண்டு மூன்று நிமிடம் காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள். இன்னொன்று கார்புரேட்டர் பனி. வெப்ப நாட்டில் பனியா என்று கேட்பார்கள். நம் காற்றில் ஈரப்பதம் அதிகம். எஞ்சின் விசையைக் குறைத்து இறங்கும்போது, வெளியே 28 டிகிரி இருந்தாலும் கார்புரேட்டரின் தொண்டையில் பனி கட்டும். எஞ்சின் சத்தமில்லாமல் விசையை இழக்கும். விசையைக் குறைப்பதற்கு முன் சூட்டுக் குமிழை இழுக்க வேண்டும். நீண்ட நாள் விட்டவர்கள் முதலில் மறப்பது இந்தக் குமிழைத்தான் என்று பையன் சொன்னார்.

இரண்டாவது வழி அகாடமி. மலாக்காவின் பத்து பெரண்டாமிலும் கோத்தா பாருவிலும் விமானிகளை உருவாக்கும் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் விமான நிறுவன வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கானவை. விடுதியில் தங்கி, மூன்று நான்கு வாரம் தினமும் ஓட்டினால் வேகமாகத் திரும்பி வரலாம் என்பது உண்மை. தினமும் ஓட்டும்போது நேற்றுச் செய்த தவறு இன்றைக்கு நினைவிருக்கும்; வாரத்துக்கொரு முறை ஓட்டுபவன் பாதி நேரத்தைப் பழையதைத் தூசு தட்டுவதிலேயே செலவழிக்கிறான். இந்த ஒரு விஷயத்தில் அகாடமி கழகத்தை வென்றுவிடுகிறது.

மாதத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிழக்குக் கரையில் நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும். அப்போது கோத்தா பாருவில் விடுதி வாடகை கட்டி மழையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து சூறைக்காற்று வரிசையாக வந்து அடிக்கும். அடித்து ஓய்ந்த பிறகு முற்பகல் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

பணம் கட்டும் முறையிலும் கவனம் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர், எங்கள் மூவரில் ஒருவர் இல்லை, ஒரு பயிற்சி நிறுவனத்தில் மொத்த மணி நேரத்துக்கும் முன்பணமாகக் கட்டிவிட்டார். இரண்டாம் வாரம் விமானம் உதிரிபாகத்துக்காக நின்றது. பணத்தில் பாதியைத் திரும்ப வாங்க அவருக்கு ஓர் ஆண்டு பிடித்தது. ஐந்து மணி நேரத்துக்குக் கட்டுங்கள். முடிந்ததும் அடுத்த ஐந்துக்குக் கட்டுங்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும், நான்கு வாரம் முடிந்து சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பிய பிறகு எங்கே ஓட்டுவீர்கள் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. பயணிகளை ஏற்றிச் செல்ல, கடந்த 90 நாளில் மூன்று முறை கிளம்பி மூன்று முறை இறங்கியிருக்க வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள வழக்கம். மலாக்காவில் மீண்டு வந்து ஈப்போவில் ஓட்டாமல் இருந்தால், மூன்று மாதத்தில் மறுபடி அதே இடத்தில் நிற்போம். ஆகவே அகாடமிக்குப் போவதானால் போவதற்கு முன்பே ஈப்போவில் உறுப்பினராகிவிட்டுப் போங்கள். கையில் பணமும் ஒரு மாத ஓய்வும் இருப்பவருக்கு, முதல் பத்து மணி நேரத்தை அகாடமியில் நெருக்கமாக ஓட்டிவிட்டு மிச்சத்தைக் கழகத்தில் முடிப்பதுதான் இருப்பதிலேயே நல்ல கலவை என்று இப்போது நினைக்கிறேன். நான் அப்படிச் செய்யவில்லை. மறுபடி தொடங்குவதானால் செய்வேன்.

மூன்றாவது, கடல் தாண்டிப் போவது. அண்ணன் போன வழி. அமெரிக்க விமானி லைசென்ஸ் காலாவதி ஆவதில்லை. 24 மாதத்துக்கு ஒரு முறை பயிற்றுநரோடு குறைந்தது ஒரு மணி நேரப் பாடமும் ஒரு மணி நேரப் பறத்தலும் முடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும், மருத்துவத் தகுதியும் வேண்டும். முப்பத்தைந்து ஆண்டு கழித்து அண்ணன் போய் இரண்டு வாரம் தங்கி அந்தக் கையெழுத்தை வாங்கி வந்தார். அவர் முகத்தில் நான் கண்ட மகிழ்ச்சியை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது. லைசென்ஸ் அங்கே பிறந்ததாக இருந்து, பிள்ளைகளும் அங்கே இருந்தால் இது நியாயமான வழி.

ஆனால் அந்தக் காகிதத்தை வைத்து இங்கே மலேசியப் பதிவுள்ள விமானத்தை நேராக ஓட்டிவிட முடியாது; ஆணையத்தின் ஏற்பு தனியாக வேண்டும். அண்ணன் ஆண்டுக்கு ஒரு முறை போகிறார். ஒவ்வொரு முறையும் முதல் வாரம் முழுக்கப் பழையதை மீட்பதிலேயே போகிறது என்று அவரே சொல்கிறார். மலேசிய லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் வெளிநாட்டில் மணி மலிவு என்பதற்காக மட்டும் இதில் இறங்க வேண்டாம். விமானச் சீட்டு, தங்குமிடம், விசா, அயல்நாட்டிலிருந்து பயிற்சிக்கு வருபவர்களுக்கான பாதுகாப்புச் சோதனை எல்லாம் சேர்த்தால் மலிவு எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

நான்காவது, மைக்ரோலைட் என்னும் மிக எடை குறைந்த விமானம். ஆசிரியர் முதலில் இதைத்தான் விரும்பினார். சிறிய உடல், 80 அல்லது 100 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912 எஞ்சின், சாதாரணப் பெட்ரோலிலேயே ஓடும். மணிக்கு ஆகும் செலவு செஸ்னாவைவிடக் குறைவு. மெதுவாக இறங்கும். வெட்டவெளியில் குறுகிய ஓடுதளம் போதும். தோட்டத்தின் மேல் காலைப் பனி விலகும் நேரத்தில் தாழப் பறக்க இதைவிடப் பொருத்தமான வாகனம் இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம் இலை சிவந்து உதிரும் காலத்தில் அதிலிருந்து எடுத்த ஒரு படத்தை ஆசிரியர் காட்டினார், பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எடை குறைந்த இறக்கை காற்றின் ஒவ்வொரு உதைக்கும் ஆடும். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிவிட்டால் நம் பகுதியில் சுகமாக இருக்காது. செஸ்னாவில் பழகிய கை இதில் புதிதாகக் கற்க வேண்டும். மூக்கைத் தணித்தால் வேகம் சட்டென்று ஏறாது, த்ரோட்டிலை இழுத்தால் வேகம் சட்டென்று போய்விடும். இதில் ஓட்டிய மணிகள் உங்கள் பழைய லைசென்ஸுக்குக் கணக்கில் சேருமா, எந்த வான்பகுதிக்குள் போகலாம், எந்த மருத்துவச் சான்று வேண்டும் என்பதை ஆணையத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "மைக்ரோலைட்டுக்கு மருத்துவம் தேவையில்லை" என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு முன்பணம் கட்டப் போன ஆசிரியரை நான்தான் தடுத்தேன். மருத்துவரிடம் முதலில் போனார். அவர் சென்ற ஆண்டிலிருந்து இன்சுலின் எடுக்கிறார். அந்தக் கதவு அங்கேயே மூடிவிட்டது.

சொந்த விமானம் வாங்கும் யோசனையும் ஒரு தேநீர் நேரத்தில் எழுந்தது. மூவரும் பங்கு போடலாம் என்று அண்ணன் சொன்னார். நான் மறுத்தேன். நான் இயந்திரத்தோடு வாழ்ந்தவன். ஓடாத எஞ்சின் நம் ஈரக் காற்றில் உள்ளேயே துருப்பிடிக்கும். லைக்கமிங் நிறுவனம் தன் எஞ்சின்களுக்கு மணிக்கணக்கில் ஒரு வரம்பும், எவ்வளவு குறைவாக ஓடினாலும் 12 ஆண்டுக்கு ஒரு முறை பிரித்துச் செப்பனிட வேண்டும் என்று இன்னொரு வரம்பும் வைத்திருக்கிறது. கொட்டகை வாடகை, காப்புறுதி, ஆண்டுச் சோதனை எல்லாம் விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும். திரும்பி வந்து 50 மணி நேரமாவது ஓட்டாதவர் இதைப் பற்றிப் பேசவே வேண்டாம். வீட்டுக் கணினியில் பறக்கும் பாவனை மென்பொருளை மட்டும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். தரையிறங்கக் கற்றுத் தராது. வானொலிப் பேச்சையும் சரிபார்ப்புப் பட்டியலையும் இரவு நேரத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழக நன்றாக உதவுகிறது. என் நாக்கு திரும்பியது அதனால்தான்.

என் மனைவி ஒரு நிபந்தனை வைத்தார். மொத்தத் தொகை ஒன்றை ஒதுக்கி அது தீரும்வரை ஓட்டுவது என்பதை அவர் ஏற்கவில்லை. "மாதத்துக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள், பத்து வருஷத்துக்குத் தாங்குமா என்று நான் சொல்கிறேன்" என்றார். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். முதல் இரண்டு மாதம் வாரம் ஒரு பாடம், பிறகு மாதத்துக்கு இரண்டு மணி நேரம் என்று வந்தது. அந்தக் கணக்கில் பார்த்தபோது வெளிநாடும் அகாடமியும் பின்னுக்குப் போய் ஈப்போ முன்னுக்கு வந்தது. நீங்களும் முடிவெடுக்கும்போது மணி விலையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்த ஐந்தாண்டில் ஒவ்வொரு மாதமும் எங்கே, யாரோடு ஓட்டப்போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாளை நிரப்ப முடியாத வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஐந்தாவதாக ஒரு வழி இருக்கிறது. அதைத் தோல்வி என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பொறுப்பு விமானியாக இல்லாமல், பயிற்றுநரோடோ லைசென்ஸ் உள்ள நண்பரோடோ பக்கத்து இருக்கையில் பறப்பது. இன்சுலின் விஷயம் தெரிந்த அன்று ஆசிரியர் என் வீட்டு வாசலில் வந்து வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். "என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் அண்ணா" என்றார். நான் எடுக்கவில்லை. அவருக்குத்தான் மூவரிலும் நல்ல கண். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் எண்ணிப் பழகியவர். வேறு விமானத்தை எனக்கு முன்னால் பார்ப்பவர் அவர்தான். எந்தக் குட்டையில் தண்ணீர் இருக்கிறது, எந்தத் தோட்டத்தில் மரம் வெட்டியிருக்கிறது என்று வரைபடத்தில் பென்சிலால் குறித்து வைக்கிறார். எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவது என்று நான் கேட்பதற்கு முன்பே விரல் நீட்டுகிறார்.

தேர்வு முடிந்து, மூன்று தரையிறக்கங்களையும் முடித்து, நான் முதன்முதலாக ஏற்றிய ஆள் அவர். இந்தச் சனிக்கிழமையும் எட்டு மணிக்கு எங்கள் பெயரில் விமானம் பதிவாகியிருக்கிறது. ஆளுக்கு எத்தனை கிலோ என்று வெள்ளிக்கிழமை இரவே தராசில் ஏறிப் பார்த்துச் சொல்லிவிடுவார். எரிபொருளை எவ்வளவு நிரப்புவது என்று அதை வைத்துத்தான் நான் கணக்குப் போடுவேன்.